வரும்போது மட்டும் நிற்கும் வண்டி

அந்தக் காரை நான் திட்டாத திட்டு இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தே பாதித் தொண்டை போயிருந்தது. மிச்சமிருந்த பாதியை அந்தக் கார் வாங்கிக்கொண்டது. சனியனே, மூதேவி, நன்றி கெட்டதே என்று தருமபுரி ரோட்டில் நின்றபடி நான் கத்தியதைப் பார்த்து, ஆட்டை ஓட்டிக்கொண்டு போன ஒருவர் ஆட்டை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

கார் நாங்கள் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வேறு கார் வாங்கியபோது, தான் ஓட்டிக்கொண்டிருந்ததை எங்களிடம் தள்ளிவிட்டாள். ஹைப்ரிட் கார். பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், பின்சீட்டுக்கு அடியில் பெரிய பேட்டரியும் இருக்கும். மெதுவாகப் போகும்போது பேட்டரியில் ஓடும், வேகம் பிடித்தால் எஞ்சின் சேர்ந்துகொள்ளும். "குலுங்கவே குலுங்காதும்மா, அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக இதவிட நல்ல வண்டி கெடைக்காது" என்றாள்.

அவள் அப்பாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் கம்பைநல்லூரிலிருந்து தருமபுரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். போகும்போது மனிதர் நன்றாகத்தான் இருப்பார். நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுற்றவிட்டு எடுத்த பிறகு பார்த்தால், பிழிந்து போட்ட துணி. கால் நிற்காது, வேனல் காலத்திலும் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாடகைக் காரில் ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டார், அந்த டிரைவர் அடுத்த தடவை போனையே எடுக்கவில்லை. ஆகவே ஐம்பது வயதைத் தாண்டி நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். சித்தேரி மலைக்குப் பஸ் ஓட்டியவர். அந்த வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே வண்டி ஓட்டுவார் என்று கண்டக்டர்கள் சொல்வார்கள். ஏதோ ஓர் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் போதும், பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, அடியில் குனிந்து, எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் ஓட்டினால் எப்படி இருக்கும்?

"பிரேக்க மிதி, மிதி, மிதிங்கறேன்ல!"

"எங்க பாக்கற நீ? லாரிக்காரன் வர்றது தெரியலயா?"

"இது என்ன வண்டி, சத்தமே இல்ல? ஓடுதா நிக்குதான்னே தெரியல. சத்தம் இல்லாத வண்டிய எப்பிடி நம்பறது?"

முதல் வாரமே நான் வண்டியை ஓரம் கட்டினேன். "இந்தாங்க, இன்னொரு வாட்டி வண்டியப் பத்தி வாயத் தொறந்தீங்கன்னா, சாவிய உங்க மடியில போட்டுட்டு நான் நடந்தே வூட்டுக்குப் போயிருவேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே போயிருப்பேன். அவர் அன்றிலிருந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருவார். திரும்பும்போது ஜமக்காளம் விரித்து, இரண்டு தலையணை வைத்து, போர்வை போர்த்திப் படுக்க வைப்பேன். ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிடுவேன். அவர் சீட்டின் முதுகுப் பக்கம் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். வாயே திறக்க மாட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பிறகுதான் வண்டி நிற்க ஆரம்பித்தது.

முதல் தடவை, வேனல் தொடங்கிய சமயம். தருமபுரியிலிருந்து பாதி தூரம் வந்திருப்போம். கண் முன்னால் இருந்த திரையில் சிவப்பாக ஒரு முக்கோணம் எரிந்தது. ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சோதிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது. வண்டி இழுவை குறைந்து குறைந்து, ஒரு புளியமரத்துக்கு நேராக நின்றே விட்டது. இறங்கினேன், பானெட்டைத் தூக்கினேன், ஒன்றும் புரியாமல் மூடினேன். ஒரு மணி நேரம் கழித்துச் சாவியைப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டது என்றால் ஒழுங்காகக் கெட்டுத் தொலைய வேண்டும்.

சேலம் பக்கம் அந்தக் கம்பெனிக் கார்களுக்கான பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்று இருந்தது. மகள் போனிலேயே பார்த்துவிட்டு, "அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்கம்மா" என்றாள். நான் வண்டியைக் கழுவி, உள்ளே பெருக்கி, ஜமக்காளம், தலையணை, வாந்திக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் பை, எல்லாவற்றையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுத்தான் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் வண்டியைச் சர்வீஸுக்கு விடுவதென்றால் அப்படித்தான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டை ஒழிப்பதுபோல ஒழிப்போம். நோயாளி படுத்த துணியை யாரோ ஒருவன் தொட்டு முகத்தைச் சுளித்தால் எனக்குப் பொறுக்காது.

அங்கே ஏசி போட்ட அறை. காபி கொடுத்தார்கள். டை கட்டிய ஒரு பையன் வரிக்கு வரி "மேடம்" போட்டான். "பேட்டரி சூடாயிருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டுது மேடம், டோன்ட் வொரி மேடம், நாங்க பாத்துக்கறோம் மேடம்." எதையோ கழுவினார்கள், எதையோ மாற்றினார்கள். எனக்கு விளங்காத பெயர்களில் ஒரு பில் கொடுத்தார்கள். வண்டி புதுப் பெண்போல் வந்தது. தொப்பூர்க் கணவாயில் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது. வீடு வரும்வரை அந்தப் பையனை வாழ்த்திக்கொண்டே வந்தேன்.

அடுத்த டயாலிசிஸ் முடிந்து வரும்போது அதே சிவப்பு முக்கோணம்.

மறுபடி சேலம். மறுபடி கழுவி, பெருக்கி, ஒழித்து. "நாங்களே கணவாய் வரைக்கும் ஓட்டிப் பாத்தோம் மேடம், ஒரு பிராப்ளமும் இல்ல மேடம்." அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா? "தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஒரு நாளும் நிக்காது. வர்றப்பத்தான் நிக்குது. இது ஏன்னு எனக்குச் சொல்லு" என்று வகுப்பில் கேட்பதுபோல் கேட்டேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், புன்னகைத்தான். அந்தப் புன்னகையை அப்படியே அவன் முகத்திலிருந்து உரித்து எடுத்துவிடலாம்போல் இருந்தது. மூன்றாம் தடவை போனபோது, பேட்டரியையே மொத்தமாக மாற்ற வேண்டும் என்றான். அதற்குக் கேட்ட விலைக்கு எங்கள் ஊரில் ஒரு பழைய காரே வாங்கலாம்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? "கம்பெனி சர்வீஸுல வுட்டா உருவிருவானுங்க டீச்சர்" என்றார் பால்காரர். "வெளிய வுட்டா வாரண்டி போயிரும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வாரண்டி போய் எவ்வளவோ காலம் ஆகிறது. எங்கள் பள்ளியின் பி.டி. மாஸ்டர், "எலுமிச்சம்பழம் நசுக்குனீங்களா?" என்று கேட்டார். அதையும்தான் செய்திருந்தேன், நான்கு சக்கரத்துக்கும்.

வேனல் உச்சத்துக்கு வந்தது. அன்று அவருக்கு ரத்த அழுத்தம் வேறு ரொம்ப இறங்கியிருந்தது. பாதி வழியில் கார் நின்றது. நிழல்கூட இல்லாத இடம். கதவைத் திறந்தால் அனல் அடித்தது, மூடினால் வெந்தது. அவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே வேர்த்தார். அந்த வழியாக வந்த பால் வேனை மறித்தேன். டிரைவரும் இன்னொருவரும் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி, காலி பால் கேன்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். அந்த டிரைவர் அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

"அண்ணே, நீங்களா? உங்க பஸ்ஸுலதான அண்ணே நான் காலேஜுக்குப் போனேன்!"

அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்து, நெடுநேரம் கழித்துப் பேசினார். "அந்த மலையில எத்தன வாட்டி பஸ்ஸு நின்னிருக்குது. ஒரு பாசஞ்சரக்கூட நான் நடுவழியில எறக்கி வுட்டதில்ல. இப்ப என்னய எறக்கி ஏத்தறாங்க." போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "போதும்மா. இனிமே நான் வர்ல."

"எங்க வர்ல?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். வுட்டுரு. எத்தன நாளு இருக்கறனோ இருக்கறேன்."

டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். இரண்டு வாரம் தாண்டாது. அது அவருக்கும் தெரியும். நான் அழவில்லை. எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம்தான் வரும். "ஒரு காரு நின்னுச்சுன்னு சாவறேங்கறீங்களா?" என்று கத்தினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில், நடுவழியில் விட்டுவந்த காரை எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் போனேன். அவரோடு டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சேலம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தார். பானெட்டைத் தூக்கினார். உள்ளே தடியாக ஆரஞ்சு நிறத்தில் கேபிள் ஓடுவதைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இது கரண்டு ஓடற வயருங்க. ஆள அடிச்சிரும். எனக்குத் தெரியாதத நான் தொட மாட்டேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அங்கே என் வீட்டுக்காரர் சாகிறேன் என்று படுத்திருக்கிறார், இங்கே நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்களா என்று. அவர் பானெட்டை இறக்கி மூடினார். "ஓசூருக்குக் கொண்டுபோங்க. அங்க இதே கம்பெனி சர்வீஸுல ஒரு பொண்ணு சூப்பர்வைசரா இருக்குது. மொகத்துல சிரிப்புன்னு ஒண்ணு மருந்துக்கும் இருக்காது. ஆனா எம் மருமவன் ஒரு வண்டிய வுட்டதுக்கு, இதுல வேல ஒண்ணும் இல்ல, எடுத்துட்டுப் போன்னு காசு வாங்காம அனுப்பிருச்சு" என்றார். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிய சர்வீஸ் சென்டரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அங்கிருந்தே போன் போட்டேன்.

அந்தப் பெண் நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். நடுவில் ஒரு 'மேடம்' இல்லை. "எதனாலன்னு எனக்குத் தெரியலங்க" என்றாள். அதைக் கேட்டதும் என்னவோ நெஞ்சு கொஞ்சம் லேசானது. பிறகு, "வர்றப்பத்தான் நிக்குதுன்னா, வர்றப்ப எப்படி இருக்குமோ அப்படியே கொண்டு வாங்க. எதையும் எடுக்காதீங்க" என்றாள்.

"எதையும்னா?"

"உள்ள என்னென்ன இருக்குமோ எல்லாம். யார் யார் எங்க உக்காருவாங்களோ அதுவும்."

"பின்னாடி எங்க வீட்டுக்காரரு படுத்திருப்பாருங்க."

"அப்ப அவரும் வரணும்."

இது ஆகிற காரியமா? அடுத்த டயாலிசிஸுக்கே வர மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருப்பவரை ஓசூருக்கு எப்படிக் கூட்டிப்போவது? வீட்டுக்கு வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்தபடியே சொன்னேன். "ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாங்க. வண்டிக்கு என்ன கேடுன்னு பாக்கணுமாம், நீங்க படுத்திருந்தாத்தான் தெரியுமாம்."

"வண்டிக்குன்னா வரன்" என்றார்.

மறுநாளே போனோம். சர்வீஸ் சென்டருக்கு வெளியே அவரைப் படுக்க வைத்தேன், ஆஸ்பத்திரி வாசலில் செய்வதுபோலவே. ஜமக்காளம், இரண்டு தலையணை, போர்வை. ஏசி இல்லை, கண்ணாடி ஏற்றியாயிற்று. எனக்கு மானம் போயிற்று, அந்த ஜமக்காளத்தில் மருந்துக் கறை வேறு. அந்தப் பெண் அதையெல்லாம் கவனித்ததாகவே தெரியவில்லை. முன்சீட்டில் ஏறி, ஒரு வயரைச் செருகி, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, "ஓட்டுங்க" என்றாள். கிருஷ்ணகிரி ரோட்டில் ஓட்டினேன். உள்ளே வெக்கை. அவள் நெற்றியில் வேர்வை ஓடியது, துடைக்கவில்லை. திரையில் ஏதோ ஓர் எண் ஏறிக்கொண்டே போனது. அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"ஐயா, அந்தத் தலகாணிய எடுங்க."

அவர் எடுத்தார். தலையணைக்குப் பின்னால், சீட்டின் ஓரத்தில், ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டி இருந்தது. இத்தனை நாள் நான் அதை ஏசிக் காற்று வரும் வழி என்று நினைத்திருந்தேன். அதன் மேல் ஒரு துண்டு மடித்துச் செருகியிருந்தது.

"அந்தத் துண்டும்."

துண்டை உருவியதும் உள்ளேயிருந்து 'ஊ' என்று காற்றாடியின் இரைச்சல் கேட்டது. திரையிலிருந்து கண் எடுக்காமல் அவள் சொன்னாள்: பேட்டரி சூடாகாமல் இருக்க அந்த வழியாகத்தான் காற்றை இழுக்கும். அதை அடைத்தால் மூச்சு முட்டி வண்டி தானாக நின்றுவிடும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்க ஆரம்பித்தது. நிமிர்ந்து உட்காரும்போது தலையணை கிடையாது, அதனால் போகும்போது நிற்கவில்லை. நான் கழுவித் துடைத்துக் கொடுத்த காலி வண்டியில் சேலத்துக்காரன் எத்தனை கணவாய் ஏறினாலும் நிற்காது. அவன் மேல் எனக்கிருந்த கோபம் அதனால் தீர்ந்துவிடவில்லை. யார் எப்படிப் படுக்கிறார்கள் என்று கேட்காமல் பேட்டரியை விற்கப் பார்த்தவன்தானே.

"துண்ட யாரு வெச்சது?" என்று கேட்டேன். நான் வைக்கவில்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. "நாந்தான்."

"எதுக்கு?"

"வண்டி சூடேற ஏற இதுக்குள்ள ஒரு சத்தம். மொதல்ல சன்னமா கேக்கும், அப்பறம் பெருசாவும். அது பெருசாயி அடங்குனா கொஞ்ச நேரத்துல வண்டி நின்னுரும். காதுக்குப் பக்கத்துலயே கத்திட்டிருந்தா எப்பிடிப் படுக்கறது? அதான் படுக்கறப்பல்லாம் தோள்ல கெடந்த துண்ட எடுத்து அடச்சேன்."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். "அப்ப வண்டி நிக்கப் போவுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வண்டியப் பத்தி வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னியே."

யாரைத் திட்டுவது? பஸ்ஸில் ஒரு நட்டு தளர்ந்தால் காதாலேயே கண்டுபிடித்த மனிதர், அத்தனை நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். வண்டி நிற்கப் போகிறது என்று தெரிந்தே ஒவ்வொரு தடவையும் காத்திருந்திருக்கிறார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முன்சீட்டில் இருந்த அந்தப் பெண் கம்ப்யூட்டரை மூடி, "வேல ஒண்ணும் இல்லங்க. தலகாணிய மட்டும் மாத்தி வைங்க" என்றாள். பில் போடவில்லை. சிரிக்கவும் இல்லை.

அடுத்த நாள் டயாலிசிஸ் நாள். வருகிறீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. விடிந்ததும் வண்டியைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு மெதுவாக வந்தார். பின்கதவைத் திறந்துவிட்டேன். அதைத் தாண்டிப் போய், முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

கம்பைநல்லூர் தாண்டுவதற்குள் ஒரு டிராக்டர் குறுக்கே வந்தது. நான் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்னால், அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்தியது.

"மிதி!" என்றார்.

மிதித்தேன். "ஏதாச்சும் சத்தம் கேட்டா ஒடனே சொல்லுங்க" என்றேன்.

"உஞ்சத்தத்துக்கு மேல எனக்கு எது கேக்கப் போவுது? ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.

ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசல் வரை அவர் வாயை மூடவே இல்லை.